பாடுறவருக்கே பரிசு... கார்னர்ல நிக்கிறவருக்கு என்ன?

மதுரையில் கபடிக்குச் சிலை வைத்த ஏரியா செல்லூர். ரவுண்டானாவில் கபடி வீரர்கள் நிற்கிறார்கள்; ஷேர் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் அவர்களைச் சுற்றித்தான் திரும்பிப் போகின்றன. வைகைக்கு வடகரையில், தறிச் சத்தத்துக்குப் பேர் போன பகுதி இது. இங்கே கிரிக்கெட் பேசுகிறவர்கள்கூட ஐந்தாவது நிமிடத்தில் கபடிக்கு வந்துவிடுவார்கள்.

அப்படிப் பேச்சு வரும்போது ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். "ஒரு டோர்னமென்ட்ல ஒரே ஒருத்தருக்குத்தான் பெரிய பரிசுன்னா யாருக்குக் கொடுக்கணும்?"

இளவட்டம் யோசிக்காது. ஒரு ரைடர் பெயரைச் சொல்லிவிடும். பக்கத்தில் வேட்டியை மடித்துக்கட்டி உட்கார்ந்திருக்கும் முன்னாள் ஆட்டக்காரர் விட மாட்டார். "தம்பி, பாடுறவன் பாயின்ட் எடுப்பான். மேட்சை எடுக்கிறவன் கார்னர்ல நிப்பான்" என்பார். "பாயின்ட் இல்லாம மேட்ச் எப்படிண்ணே வரும்?" என்று பதில் கேள்வி வரும். டீ ஆறிவிடும், பேச்சு ஆறாது.

செல்லூர் டீக்கடையோடு முடிகிற சண்டை இல்லை இது. புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு சீசன் முடிவிலும் இதே கேள்வி எழுந்துகொண்டுதான் இருக்கிறது. சீசனின் 'மோஸ்ட் வேல்யூபிள் பிளேயர்', சுருக்கமாக எம்.வி.பி. விருது. நம்மூர் பாஷையில் தொடர் நாயகன். அதை வாங்கியவர்களின் பட்டியலை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள்.

முதல் சீசனில் அனூப் குமார், ரைடர். 2016-ல் இரண்டு சீசன் நடந்தது. ஒன்றில் ரோஹித் குமார், இன்னொன்றில் பர்தீப் நர்வால், இருவருமே ரைடர்கள். 2017-ல் மறுபடியும் பர்தீப். 2018-ல் பவன் ஷெராவத். 2019-லும் அதற்கடுத்த சீசனிலும் நவீன் குமார். 2022-ல் அர்ஜுன் தேஷ்வால். எல்லோரும் பாடிப் போகிறவர்கள்தான். இடையில் 2015-ல் மஞ்சீத் சில்லர் வாங்கினார். பிடியில் பெரிய கை, ஆனால் ஆல்ரவுண்டர், ரைடுக்கும் போவார். 10-வது சீசனில் வாங்கிய அஸ்லம் இனாம்தார் ரைடு, பிடி இரண்டும் செய்கிற கேப்டன். 11-வது சீசனில் ஈரானின் முகமதுரேஸா ஷாட்லூயி. அவர் கதை தனிக்கதை, கொஞ்ச நேரத்தில் வருகிறோம்.

ஆக, முதல் 11 சீசன்களில் 'நான் பிடிக்க மட்டும்தான் செய்வேன்' என்று நின்ற ஒருவர்கூட இந்த விருதைத் தொட்டதில்லை. ஒரு அணியில் ஏழு பேர் ஆடுகிறார்கள். பெரும்பாலும் அதில் நாலைந்து பேருக்கு முதல் வேலையே பிடிதான். அந்த நாலைந்து பேரில் ஒருவர்கூட 11 சீசனாக ஆட்டத்தின் சிறந்த ஆள் இல்லை என்றால், கோளாறு ஆட்களிடம் இருக்க வாய்ப்பு குறைவு. கணக்கில்தான் இருக்க வேண்டும்.

யார் கணக்கில் யார் உழைப்பு?

கபடியை டிவியில் மட்டும் பார்க்கிற குடும்பங்களுக்காக ஆட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ரைடர் ஒருவர் எதிரணிக் கட்டத்துக்குள் போகிறார். கையில் 30 வினாடி. ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் ஒரு புள்ளி, மூன்று பேரைத் தொட்டால் மூன்று. எதிரில் ஆறு பேரோ ஏழு பேரோ இருக்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் இன்னொரு புள்ளி. எல்லாமே அவர் ஒருவர் கணக்கில் ஏறும்.

இப்போது பிடி பக்கம் வாருங்கள். ரைடர் கால் நீட்டுகிறார். கார்னரில் நிற்பவர் பாய்ந்து கணுக்காலைப் பிடிக்கிறார். ரைடர் திமிறுகிறார். கவரில் நிற்பவர் இடுப்பில் கட்டுகிறார், அடுத்தவர் மேலே விழுகிறார், நான்காவது ஆள் கோட்டுப் பக்கம் நீளும் கையை மடக்குகிறார். நாலு பேர் சேர்ந்து அமுக்கினால்தான் ஒரு நல்ல ரைடர் அடங்குவார். இதற்கு அணிக்குக் கிடைப்பது ஒரு புள்ளி. அதுவும் பிடியைத் தொடங்கிய ஒருவர் கணக்கில் ஏறும். மற்ற மூவருக்கும் முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் 'சூப்பர் டேக்கிள்', இரண்டு புள்ளி. பிடிக்கிறவருடைய உச்சவரம்பே அவ்வளவுதான்.

ரைடருக்கோ உச்சவரம்பே கிடையாது என்று சொல்லலாம். 2017 சீசனின் எலிமினேட்டர் ஆட்டத்தில் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்கு எதிராக பர்தீப் நர்வால் ஒரே ஆட்டத்தில் 34 ரைடு புள்ளி எடுத்தார். அதில் ஒரே ஒரு ரைடில் பாட்னாவுக்கு 8 புள்ளி வந்தது. களத்தில் மிச்சமிருந்த எல்லோரையும் துடைத்து எடுத்துவிட்டு வந்த ரைடு அது. 2019-ல் அதே ஹரியானாவுக்கு எதிராக பவன் ஷெராவத் 39 எடுத்தார். ஹரியானாக்காரர்கள் என்ன பாவம் செய்தார்களோ! ஒரு டிபண்டர் ஒரு ஆட்டத்தில் ஐந்து புள்ளி எடுத்தாலே 'ஹை ஃபைவ்' என்று ஸ்டேடியம் அதிரும். ரைடருக்குப் பத்து, டிபண்டருக்கு ஐந்து என்று கொண்டாட்டத்தின் அளவே இரண்டில் ஒரு பங்குதான்.

சரி, இதுவரை சொன்னது புள்ளி ஏறுகிற கணக்கு. உண்மையான அநியாயம் புள்ளியே ஏறாத இடத்தில் நடக்கிறது.

ஒரு பெரிய கார்னர் நிற்கிற பக்கம் ரைடர் போக மாட்டார். போனஸுக்குக் கால் வைக்கலாமா என்று பார்ப்பார், கணுக்கால் ஞாபகம் வரும், பின்வாங்குவார். 30 வினாடியும் ஓடிப்போகும். வெறுங்கையோடு திரும்பி வருவார். ஸ்கோர் ஷீட்டில் அது 'காலி ரைடு'. அந்தக் கார்னர்காரர் கையைக்கூட அசைக்காமல் ஒரு தாக்குதலை முறியடித்திருக்கிறார், ஆனால் அவர் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதப்படாது. தொடர்ந்து இரண்டு காலி ரைடு போனால் மூன்றாவது 'டூ ஆர் டை'. புள்ளி எடுக்காமல் திரும்பினால் ரைடர் அவுட். அந்த நெருக்கடியில் ரைடர் பதறிப்போய் வேறு பக்கம் பாய, அங்கே இருக்கும் கவர் ஆட்டக்காரர் பிடித்துவிடுவார். புள்ளி கவருக்கு. பயத்தை உண்டாக்கியவர் கார்னர்!

இன்னொன்றும் இருக்கிறது. பிடிபட்ட ரைடர் வெளியே போய் உட்கார வேண்டும். அவர் அணி புள்ளி எடுத்தால்தான் வரிசைப்படி ஒவ்வொருவராக உள்ளே வர முடியும். ஆட்டமே மொத்தம் 40 நிமிடம்தான். எதிரணியின் முதல் ரைடரை ஒருமுறை பிடித்து, ஏழெட்டு நிமிடம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால், அந்த நேரத்தில் அவர் எடுத்திருக்கக்கூடிய அத்தனை புள்ளியும் போச்சு. ஷீட்டில் என்ன இருக்கும்? 'ஒன்று' என்று இருக்கும்.

அதனால்தான் பழைய ஆட்டக்காரர்கள் ஸ்கோர் போர்டைப் பார்ப்பதைவிட பெஞ்சைப் பார்க்கிறார்கள்.

100 எடுத்தும் கிடைக்கவில்லை

இந்த வாதத்துக்கு முதல் பெரிய சாட்சி நிதேஷ் குமார். 2018 சீசனில் யு.பி. யோதா அணியின் ரைட் கார்னர். அந்த சீசனில் 100 டேக்கிள் புள்ளி எடுத்தார். லீக் வரலாற்றில் ஒரே சீசனில் 100-ஐத் தொட்ட முதல் டிபண்டர் அவர்தான். ரைடர்கள் 200, 300 எடுப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 100 சின்னதாகத் தெரியும். ஆனால் ஒரு பிடிக்கு ஒன்று, எப்போதாவது இரண்டு என்று சேர்த்துச் சேர்த்து வந்த 100 அது.

அந்த ஆண்டு எம்.வி.பி. பவன் ஷெராவத். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. சீசனில் 271 ரைடு புள்ளி. இறுதி ஆட்டத்தில் குஜராத்துக்கு எதிராக அவர் ஒருவரே 22 எடுத்தார், பெங்களூரு புல்ஸ் 38-33 என்று கோப்பையைத் தூக்கியது. கோப்பையையே கையில் கொண்டுவந்து கொடுத்தவருக்கு விருது இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? 2018-ல் பவனுக்குக் கொடுத்தது சரிதான். அதற்கு முந்தைய ஆண்டு பர்தீப் 369 ரைடு புள்ளி எடுத்து, பாட்னாவுக்குத் தொடர்ந்து மூன்றாவது கோப்பை வாங்கித் தந்தபோது கொடுத்ததும் சரிதான். ரைடர்கள் தகுதி இல்லாமல் வாங்கினார்கள் என்பது இங்கே புகார் இல்லை. தனி ஆளாக ஏழு பேருக்கு நடுவே போய் வருகிறவருக்கு அந்தத் துணிச்சலுக்கே ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் 10-வது சீசன் அப்படி இல்லை.

2023 டிசம்பரில் தொடங்கி 2024 மார்ச் 1-ல் ஹைதராபாத்தில் முடிந்த சீசன் அது. புனேரி பல்தான் இறுதி ஆட்டத்தில் ஹரியானா ஸ்டீலர்ஸை 28-25 என்று வென்றது. ஸ்கோரைப் பாருங்கள், இரண்டு பக்கமும் முப்பதைத் தொடவில்லை. பிடியால் ஜெயித்த ஆட்டம். அந்த புனே அணியின் லெஃப்ட் கார்னர் ஷாட்லூயி. சீசனில் 99 டேக்கிள் புள்ளி, நூறுக்கு ஒன்றுதான் குறைவு. சீசனின் சிறந்த டிபண்டர் அவர்தான். கோப்பை ஜெயித்த அணியில், சீசனிலேயே அதிகம் பிடித்தவர். ஒரு டிபண்டர் இதைவிட என்ன செய்ய முடியும்?

எம்.வி.பி. அவருக்குக் கிடைக்கவில்லை. அதே அணியின் கேப்டன் அஸ்லம் இனாம்தாருக்குப் போனது. அஸ்லம் நல்ல கேப்டன், நல்ல ஆட்டக்காரர், சந்தேகமில்லை. ஆனாலும் அந்த ஆண்டு விருது கார்னருக்குத்தான் போயிருக்க வேண்டும். இந்தப் பக்கத்தின் தீர்ப்பு அது.

அடுத்த சீசனில் ஷாட்லூயி ஹரியானாவுக்கு மாறினார். பிடித்ததோடு நிற்காமல் ரைடுக்கும் அடிக்கடி போனார். ஹரியானா முதன்முறையாகக் கோப்பை வென்றது. 2024 டிசம்பர் 29 அன்று புனேயில் நடந்த இறுதி ஆட்டத்தில் பாட்னாவை 32-23 என்று சாய்த்தது. இந்த முறை எம்.வி.பி. ஷாட்லூயி! பிடித்தவரைக்கும் கிடைக்காதது, பாடப் போனதும் கிடைத்துவிட்டது.

இதைக் கேட்டால் அமெரிக்காக்காரர் ஒருவர் சிரிப்பார். அங்கே கல்லூரி ஃபுட்பாலில் இதே கதை. நம்மூர் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி மோதுவார்களே, அந்த ஆட்டம். 1935-லிருந்து ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கு ஹைஸ்மேன் டிராஃபி கொடுக்கிறார்கள். 2000-க்குப் பிறகு பெரும்பாலும் அது குவார்ட்டர்பேக்குக்குத்தான் போகிறது. பந்தை யாருக்கு வீசுவது என்று முடிவு செய்கிற ஆள் அவர். கேமரா அவர் மேலேயே இருக்கும். தடுப்பாட்டத்தையே முதல் வேலையாகக் கொண்ட ஒருவர் முதன்முதலில் அதை வாங்கியது 1997-ல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் உட்சன். அவரும் சும்மா வாங்கவில்லை. அவ்வப்போது தாக்குதல் பக்கமும் போய் ஆடிக் காட்டினார். 2024-ல் வாங்கிய டிராவிஸ் ஹன்டர் இரண்டு பக்கமும் முழு நேரம் ஆடினார். தடுக்கிறவர் விருது வாங்க வேண்டுமென்றால் அடிக்கவும் செய்ய வேண்டும் என்பது கடல் தாண்டியும் எழுதப்படாத சட்டமாக இருக்கிறது.

கால்பந்தில் கொஞ்சம் பரவாயில்லை. 2006-ல் இத்தாலி உலகக் கோப்பை ஜெயித்தபோது அதன் கேப்டன், டிபண்டர் ஃபேபியோ கன்னவாரோவுக்கு பாலன் டி'ஓர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு டிபண்டருக்கும் கிடைத்ததாகக் காணோம். கோல்கீப்பர்களில் இதுவரை ஒரே ஒருவர்தான், 1963-ல் சோவியத் யூனியனின் லெவ் யாஷின்.

நம்ம 'அண்ணா' கதை

இவ்வளவு தூரம் போக வேண்டாம். தஞ்சாவூர்ப் பக்கம் திருச்சனம்பூண்டிக்காரர் தர்மராஜ் சேரலாதன் இருக்கிறாரே. கபடி உலகம் முழுக்க, இந்தி பேசுகிறவர்கள்கூட 'அண்ணா' என்று கூப்பிடுகிற ஆள். ரைட் கார்னர். 40 வயதைத் தாண்டியும் இருபது வயதுப் பையன்களின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தவர்.

2016-ல் நடந்த 4-வது சீசனில் பாட்னா பைரேட்ஸுக்கு அவர்தான் கேப்டன். அந்த அணியின் இன்னொரு கார்னரில் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி. பிற்காலத்தில் லீக்கில் 500 டேக்கிள் புள்ளியைத் தாண்டியவர். ஒரு பக்கம் அண்ணா, மறுபக்கம் ஃபசல். எதிரணி ரைடர் எந்தப் பக்கம் கால் நீட்டுவார், பாவம்! பாட்னா இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூரை 37-29 என்று வென்றது. சிறந்த டிபண்டர் விருது ஃபசலுக்கு. தொடர் நாயகன்? அதே அணியின் பர்தீப் நர்வால். இத்தனைக்கும் அந்த சீசனில் அதிக ரைடு புள்ளி எடுத்தவர் பர்தீப் இல்லை, தெலுகு டைட்டன்ஸின் ராகுல் சவுத்ரி.

அந்த அணியை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். இரண்டு கார்னரும் எதிரணியை அடக்கி வைத்திருந்ததால்தான் பர்தீப் பதற்றமில்லாமல் பாட முடிந்தது. அவர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்தாலும் பின்னால் பிடி நிற்கும், பிடித்ததும் அவர் உள்ளே வருவார். ரைடரை உள்ளே கொண்டுவருவதே பிடிதான். கணக்கில் மட்டும் அது வராது.

அதே 2016 அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை. முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென்கொரியாவிடம் 32-34 என்று தோற்று எல்லோரையும் அதிர வைத்தது. பிறகு சுதாரித்து, இறுதியில் ஈரானை 38-29 என்று வென்றது. அந்த அணியிலும் சேரலாதன் இருந்தார். அந்தப் போட்டி பற்றிப் பேசினால் இன்றைக்கும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அஜய் தாக்கூரின் ரைடுகள். அதுவும் தப்பில்லை. தமிழ்நாட்டிலேயே அண்ணா அந்த அணியில் இருந்தார் என்பதை மறந்தவர்கள் இருப்பதுதான் தப்பு.

பிடியை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டே ஆண்டில் பாடம் கிடைத்தது. ஆசிய விளையாட்டில் 1990-ல் கபடி சேர்ந்ததிலிருந்து 2014 வரை ஏழு முறையும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்குத்தான். 2018 ஜகார்த்தாவுக்கு இந்தியா கொண்டுபோன ரைடர் வரிசை, ஏலத்தில் கோடி பேசும் வரிசை. அஜய் தாக்கூர், பர்தீப், ராகுல் சவுத்ரி, மோனு கோயட். அரையிறுதியில் ஈரான். இந்தியா மொத்த ஆட்டத்திலும் எடுத்தது 18 புள்ளி. 27-18 என்று தோற்று, வெண்கலத்தோடு திரும்பியது. 369 எடுத்தவர் இருந்த அணிதான் அது. எதிரில் நின்ற பிடி அப்படி.

பரிசு என்றால் பரிசு மட்டுமில்லை

'விருது யாருக்குப் போனால் என்ன, ஜெயித்தது அணிதானே' என்று கேட்கலாம். ஸ்டார் ஆட்டக்காரர்களுக்கு அது சரி. ஷாட்லூயிக்கு 2023 ஏலத்தில் 2.35 கோடி, 2024-ல் 2.07 கோடி, 2025-ல் 2.23 கோடி. பிடித்தே கோடி பார்த்தவர். அவருக்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. ரைடர் வாழ்க்கையும் எப்போதும் பூப்பந்தல் இல்லை. லீக் வரலாற்றில் அதிகபட்சமாக 1,801 ரைடு புள்ளி எடுத்த பர்தீப், 2025 ஏலத்தில் யாரும் வாங்காமல் போய், ஓய்வை அறிவித்தார்.

விஷயம் செல்லூர் மாதிரி ஊர்களில்தான் கனக்கிறது. இங்கே கபடி ஆடுகிற பையனுக்கும் பெண்ணுக்கும் ஆட்டம் என்பது பாதி சந்தோஷம், பாதி சோறு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி சீட் கிடைக்கும். ரயில்வே, போலீஸ், வங்கி அணிகளில் வேலை கிடைக்கும். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. இந்தக் கதவுகளைத் தட்டப் போகும்போது கையில் இருக்க வேண்டியது சான்றிதழ். அணியோடு சேர்ந்து வாங்கிய சான்றிதழ் ஏழெட்டுப் பேரிடமும் ஒரே மாதிரி இருக்கும். 'தொடர் நாயகன்' என்று தனியாக ஒன்று இருந்தால் அந்தப் பிள்ளையை மட்டும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அந்தத் தனிக் காகிதம் ரைடர் பக்கமே போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகும்? புதிதாக ஆட வருகிற பிள்ளைகள் எல்லோரும் ரைடராக வேண்டும் என்பார்கள். கோச்சுகள் சொல்லும் பெரிய தலைவலியே இதுதான்: பாட ஆள் இருக்கிறது, கார்னருக்கு ஆள் இல்லை. அடி வாங்குவதும் கார்னர், தோற்றால் திட்டு வாங்குவதும் கார்னர். ஒரு தவறான பாய்ச்சலில் புள்ளி போனால் 'எதுக்குடா போன?' என்று பின்னாலிருந்து கத்துவார்கள். ரைடர் வெறுங்கையோடு வந்தால் 'பரவால்ல, அடுத்த ரைடு பாத்துக்கலாம்' என்பார்கள். அம்மாக்களைக் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முட்டியும் முழங்கையும் அதிகம் உரிந்திருப்பது எந்தப் பிள்ளைக்கு என்று மஞ்சளோ ஆயின்ட்மென்டோ எடுத்துத் தடவுகிறவர்களுக்குத் தெரியாதா?

சினிமாவுக்கும் இதில் பங்கு உண்டு. 'கில்லி' வேலுவை நினைத்தால் மனதில் வருவது பாடிப் போகிற விஜய்தான். கதாநாயகன் கோட்டைத் தாண்டி கைநீட்டும்போதுதான் பின்னணி இசை எகிறும். நாலு பேரில் ஒருவராகக் காலைப் பிடித்துக் கிடக்கும் ஹீரோவை வைத்து ஒரு கிளைமாக்ஸ் எடுக்க எந்த இயக்குநருக்கும் தைரியம் வருமா தெரியவில்லை.

ஊர் டோர்னமென்ட்டுகளில் இதற்கு ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். சிறந்த ரைடர் ஒருவர், சிறந்த பிடி ஒருவர் என்று இரண்டு பரிசு தனித்தனியாகக் கொடுப்பார்கள். நல்ல பழக்கம். ஆனால் மூன்றாவதாக 'தொடர் நாயகன்' என்று சைக்கிளோ ஏர் கூலரோ மேடையில் தனியாக நிற்கும். மைக்கில் பெயர் வாசிக்கும்போது அது எந்தப் பக்கம் போகும் என்று கூட்டத்துக்கு முன்கூட்டியே தெரியும். இரண்டு பரிசாகப் பிரித்த பெருந்தன்மை, ஒரே பரிசு என்று வந்ததும் காணாமல் போய்விடுகிறது.

கோட்டா வைத்துக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. 'இந்த வருஷம் ரைடர், அடுத்த வருஷம் டிபண்டர்' என்று முறை வைத்தால் அது விருது இல்லை, கோயில் முதல் மரியாதை. பர்தீப் மாதிரி ஒருவர் 369 எடுக்கிற வருடம் பர்தீபுக்கே கொடுக்கட்டும். முடிவு எடுக்கும் மேசையில் கார்னர் ஆட்டக்காரரின் பெயரும் கடைசி வரை இருக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அதற்கு அவர் செய்த வேலை எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கிரிக்கெட்டில் பவுலர்கள் இதே சண்டையைப் போட்டு ஓரளவு ஜெயித்துவிட்டார்கள். டெஸ்டில் 11 முறை தொடர் நாயகன் வாங்கி முரளிதரனைச் சமன் செய்தவர் நம்ம அஸ்வின். அங்கே விக்கெட் என்று எண்ணுவதற்கு ஒன்று இருந்தது, எகானமி இருந்தது, மெய்டன் இருந்தது. ரன் வராமல் தடுத்த ஓவருக்குக்கூட ஒரு பெயர் வைத்து எண்ணினார்கள். கபடியில் காலி ரைடு எண்ணப்படுகிறது, ஆனால் ரைடரின் தோல்வியாக மட்டும். அதை யார் காலியாக்கினார் என்று எழுதுவதில்லை.

பெரிய லீக்கில் இதை மாற்ற கேமராவும் கம்ப்யூட்டரும் வேண்டியிருக்கலாம். செல்லூரில் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் நடக்கிற ஒரு டோர்னமென்ட்டுக்கு 40 பக்க நோட்டும் ஒரு செல்போனும் போதும். ஸ்கோரர் மேசையில் இன்னொரு ஆளை உட்கார வைக்கலாம். எதிரணியின் முதல் ரைடர் பிடிபட்டு வெளியே போனதும் நேரத்தை ஓட விட வேண்டும், உள்ளே வந்ததும் நிறுத்த வேண்டும், பிடித்தவர் பெயருக்கு நேரே நிமிடத்தை எழுத வேண்டும். பிடியில் கட்டிய மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு கோடு போட வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளையே இந்த வேலையைச் செய்துவிடும். இறுதி ஆட்டம் முடிந்து, தொடர் நாயகன் பெயரை எழுத கமிட்டிக்காரர் பேனாவைத் திறக்கும்போது, அந்த நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதட்டும்.